சட்டைப்பையில் இருந்த சாவி

கப்பலின் ராடார் அறையில் மூன்று பேர் நிற்கிறார்கள்: இறந்துபோன ஆபரேட்டரின் அப்பா, அவன் மனைவி, கேப்டன். கருகிய வயரின் நெடி இன்னும் போகவில்லை. வெகுதொலைவில் வரும் விமானத்தையும் காட்டிக்கொடுக்கும் திரை விரிசல் விட்டு இருண்டு கிடக்கிறது. குண்டு போட்ட விமானம் வந்ததை அது காட்டவில்லை. அவன் திரைமுன் தூங்கிவிட்டான் என்று ஊரே வாய்கூசாமல் பேசுகிறது. பெரியவர் நாற்காலியைத் தொடாமல் விறைத்து நிற்கிறார். “என் பிள்ளை தூங்கினானா? மழுப்பாம சொல்லுங்க.” கேப்டன் பாதி உருகிய சாவி ஒன்றை நீட்டுகிறார். “ராடார் சாவிங்க ஐயா. கம்பத்து மேல ஆன்டெனா சுத்தாம நின்னுபோச்சு. ராடார் ஓடும்போது அதுக்குப் பக்கத்துல போனா ஆளையே சுட்டுடும். அதனால ராடாரை அணைச்சுட்டு, வேற யாரும் போட்டுடாம இருக்க, சரிபண்ண ஏறுறவரே சாவியைப் பையில போட்டுக்கணும். இது அவர் சட்டைப்பையில இருந்துச்சு.” மருமகள் சிரிக்கப்பார்த்து உடைகிறாள். “வீட்டுச் சாவியை மட்டும் தொலைச்சுக்கிட்டே இருப்பாரு, மாமா.” பெரியவர் சாவியை வாங்கி இறுக மூடிக்கொள்கிறார். கரி உள்ளங்கையில் அப்புகிறது, துடைக்கவில்லை. வாசல்பக்கம் திரும்பி, ஊரே எதிரில் நிற்பதுபோல் நிதானமாகச் சொல்கிறார்: “அவன் தூங்கல. கம்பத்து மேல வேலை பாத்துக்கிட்டு இருந்தான்.”