லென்ஸில் பூஞ்சை

பெரம்பலூர் மாலை நேரப் புகைப்பட வகுப்பில் அன்று கேமராவைச் சுத்தம் செய்யும் பாடம். மாணவர்கள் மேசையில் வைத்திருந்த கேமராக்களில் ஒன்றை எடுத்துப் பார்த்த ஆசிரியர் அறிவழகனுக்குக் கோபம் தலைக்கேறியது.

“யாருது இது? லென்ஸ் பூரா பூஞ்சை! தூசிய ஊதி எடுக்காம வேட்டி முனையால தேச்சா கீறல் விழாதா? ஈரம் காயாமத் தோல் பைக்குள்ள போட்டு பீரோவுல பூட்டினா பூஞ்சை வராம என்ன செய்யும்?”

கலையரசி எழுந்தாள். “என்னுதுங்க சார். நாளைக்குச் செந்துறைல எனக்கு மொத கல்யாண ஆர்டர்...”

“இத வச்சா? கேமராவ இப்படிப் பாழாக்குன ஆளு இனிமே அதத் தொடவே கூடாது!”

“நான் பாழாக்கலைங்க சார். காலைலதான் அரியலூர்ல பழைய கேமரா கடையில வாங்கினேன்.”

“லென்ஸ வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்காமலா வாங்குன?”

“இதுக்கு முன்னாடி வச்சிருந்தவரு பேரப் பாத்ததும் சோதிக்கத் தோணலைங்க சார்.”

“அப்படி என்ன பெரிய பேரு?”

கலையரசி கேமராவின் பெல்ட்டைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் வெள்ளை மையில், ஆசிரியரின் கையெழுத்திலேயே இருந்தது: ‘அறிவழகன், குரும்பலூர்.’