கடைசித் தையல்

ஆறு மாதத்தில் எடை ஒன்பது கிலோ ஏறியிருந்தது. "பக்கவிளைவுதான் பவுனம்மா. எச்.ஐ.வி. மாத்திரையை மாத்திரலாமா?" என்றார் டாக்டரம்மா.

பவுனம்மாள் தன் ரவிக்கைக் கையின் விளிம்பைத் திருப்பிக் காட்டினாள். உடம்பு இளைத்துப்போன நாளில் அவளே பிடித்துத் தைத்த மூன்று தையல்கள். இந்த மாத்திரை வந்தபின் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். தடம்தான் இருந்தது. டெய்லர் போட்ட தையல் மட்டும் மிச்சம்.

"போன தை மாசம் இந்த ரவிக்கைக்குள்ள என்னை மாதிரி ரெண்டு பேர் நுழைஞ்சிருக்கலாம். பக்கவிளைவுங்கறீங்க. எனக்கு இதாம்மா விளைச்சலே."

"சர்க்கரை வந்துட்டா?"

"மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாருங்க. மாத்திரையில மட்டும் கை வைக்காதீங்க."

சொன்ன கையோடு, ரத்தம் எடுக்க வாகாக, முழங்கை வரை இறுகியிருந்த ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள்; ஏறவில்லை. டாக்டரம்மா தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, அந்தக் கடைசித் தையலைப் பிரிக்க அதன் நுனியைத் தேடினார்.