கிளி அடையும் வாகை

"மரத்தை அரியிறியளோ, நான் மகளை மறிக்கிறதோ? ரெண்டில ஒண்டு சொல்லுங்கோ, ரீச்சர்."

தவராசா தனியாக வரவில்லை. மரம் அரியும் மெசினோடு ஓர் ஆளையும் கூட்டிவந்து படலை வாசலில் நிறுத்தியிருந்தார்.

புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பின்னால், சிவரூபி ரீச்சரின் வளவில், பெண் பிள்ளைகளுக்கான பின்னேரக் கணித வகுப்பு நடக்கிறது. படலையடியில் ஒரு வாகை மரம். பொழுது சாய்ந்தால் ஊர்க் கிளிகள் யாவும் அதில்தான் அடையும். கூட்டமாகச் சண்டை பிடிக்கும், கூட்டமாகச் சமாதானமாகும், பாரபட்சமின்றி எல்லோர் தலையிலும் எச்சமிடும்.

"மழையில்லாமல் பிள்ளையள் குடை பிடிச்சுக்கொண்டு ஓடி வருகுதுகள். உங்களுக்குப் பிள்ளையளைவிடக் கிளி பெரிசோ?"

"குடை பிடிச்சால் படிப்புக் கெடாது, அண்ணை."

"பகிடி விடாதேங்கோ. நாளையிலயிருந்து யதுர்ஷிகா வரமாட்டாள். அவளோட வாற பிள்ளையளின்ர தாய் தேப்பன்மாரும் மறிக்கப் போகினம்."

ரீச்சரின் முகம் வாடியது. கணக்கென்றால் யதுர்ஷிகாவுக்குத் தனி மூளை.

"சோதனை கிட்டுது அண்ணை. அவளை மட்டும் மறிக்காதேங்கோ."

"அப்ப மரத்தை அரியுங்கோ!"

தவராசா தம் கடைசி ஆயுதத்தைப் பையிலிருந்து இழுத்து உதறினார். புத்தம்புதிய கறுப்புச் சேட்டு. தோள் முழுக்க வெள்ளைக் கோலம்.

"இந்தச் சேட்டைப் பாருங்கோ! ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சேட்டாத் தோய்ச்சுத் தோய்ச்சே மனுசிக்குக் கை தேஞ்சு போச்சு."

"ஆற்றை சேட்டு அண்ணை?"

"மூத்தவன் ரூபன்ர."

வகுப்புக்குள் களுக்கென்று ஒரு சிரிப்பு. பிறகு பல சிரிப்புகள்.

"ரூபன் என்னட்டப் படிக்கிறேல்லையே?"

"அவன்... தங்கச்சியை ஏத்த வாறவன்."

"யதுர்ஷிகா சைக்கிளில எல்லோ போறவள்?"

தவராசா சேட்டைச் சுருட்டத் தொடங்கினார். படலையில் நின்ற மெசின்காரன் வேறு திசையைப் பார்த்துச் சிரித்தான்.

ரீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"மகளுக்கு முன்னால சொல்லக் கூடாதெண்டுதான் இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தனான், அண்ணை. கிளியள் வரமுந்தி இந்த மரத்துக்குக் கீழ அடைஞ்சது மோட்டச்சைக்கிள் பெடியள். அவங்கட தொல்லையில சில பிள்ளையள் படிப்பையே விட்டிட்டுதுகள். எச்சம் விழத் தொடங்கின பிறகு எல்லாரும் ஓடிப் போட்டாங்கள். ரூபன் மட்டுந்தான் இன்னும் சேட்டை விடுறார்."