காயாத ஒட்டு

"என்னங்க, இங்க வந்து பாருங்க. அண்ணன் நேத்து ஒட்டினது இன்னும் காயவே இல்ல!"

கார் ஷெட்டில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய ஃபைபர் படகின் அடிப்பக்கத்தில் அவள் ஒரு விரலை வைத்து எடுத்தாள். விரலோடு ரெசின் பசையும் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

"பாகு மாதிரி இருக்கு. சகிக்கல."

கணவர் வந்து குனிந்து பார்த்தார். ரிட்டையர் ஆன பஸ் டிரைவர் அவர். யாரோ வேண்டாம் என்று கொல்லையில் போட்டு வைத்திருந்த ஓட்டைப் படகை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒட்டுப் போட்டு, பெயின்ட் அடித்து, ஊர்க்கோடி ஏரியில் மிதக்க விடுவதாகத் திட்டம்.

"ஈரக் காத்து. அதான் லேட் ஆகுது" என்றார்.

"ஈரக் காத்தாம்! கொடியில துணியெல்லாம் மொறமொறன்னு காஞ்சு கிடக்கு. ரெசின்ல ஹார்டனர் குறைஞ்சா ஜென்மத்துக்கும் இறுகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அண்ணன் கலக்கற லட்சணம் அப்படி!"

அவர் இரும்புத் தகட்டை எடுத்து, அந்த ஒட்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

வாராவாரம் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஒரு ஓட்டையை அடைப்பார். அது காயாது. அதற்கப்புறம் தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசியோடு இவர் கிடந்து மல்லாடுவார். படகு மிதக்கிறதோ இல்லையோ, ஷெட்டுக்கு வெளியே நிற்கும் ஸ்கூட்டர் மழை வந்தால் மிதந்தது.

"அடுத்த வாரம் வரட்டும். நானே கேட்டுடறேன்."

"ஐயையோ, காரியத்தைக் கெடுத்துடாதே!" தகட்டைக் கீழே போட்டுவிட்டார். "உங்க அண்ணி தவறிப்போனதுக்கப்புறம் மச்சான் வாசலைத் தாண்டி எங்கயாவது போறாரா? கல்யாணம் காட்சிக்குக்கூடத் தலை காட்டறதில்ல. இங்க ஒரு இடத்துக்குத்தான் வர்றார். உங்க வேலை சரியில்லன்னு ஒரு வார்த்தை சொன்னா, மனுஷன் திரும்ப வருவாரா?"

"அதுக்காக?"

"அதுக்காக என்ன? அவருக்குன்னு வாரம் ஒரு ஓட்டையை விட்டு வைக்கறேன். அவர் ஒட்டிட்டுப் போவார். நான் சுரண்டி எடுத்துட்டு, சரியாக் கலந்து ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு வெச்சுடுவேன். அடுத்த வாரம் தடவிப் பாத்துட்டு, 'பரவாயில்லையே மாப்பிள்ளை, நல்லாப் பிடிச்சிருக்கே'ம்பார். அந்த முகத்தை நீ பாக்கணுமே!"

அவளுக்கு, இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு மனசா என்று பெருமையாக இருந்தது. ஆனால் ராத்திரி அவர் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துவிடும்போது அண்ணன் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. வயசு ஆச்சே தவிர, ஒரு வேலையை உருப்படியாகச் செய்யத் தெரிகிறதா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். போன வார ஒட்டைத் தடவிப் பார்த்தார்.

"பரவாயில்லையே மாப்பிள்ளை, நல்லாப் பிடிச்சிருக்கே!"

"எல்லாம் உங்க கைராசி மச்சான்."

இரண்டு பேரும் படகின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்துகொண்டு, எந்தக் கலர் பெயின்ட் அடிப்பது என்று சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை போட்டார்கள். பிரஷ் எடுத்து வருகிறேன் என்று கணவர் உள்ளே போனார்.

அவள் டீயோடு ஷெட்டுக்கு வந்தாள். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சிரிஞ்சில் ஹார்டனரை உறிஞ்சி, கண்ணுக்கு நேரே தூக்கி, கோடு பார்த்து அளந்தார். அப்புறம் அளந்ததில் பாதிக்கு மேல் பாட்டிலுக்குள்ளேயே திரும்பப் பீய்ச்சிவிட்டு, மிச்சத்தை ரெசினில் விட்டுக் கலக்கினார்.

"அண்ணா! என்ன பண்றே?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "மெதுவாப் பேசு. மாப்பிள்ளை காதுல விழப்போகுது."

"அப்போ தெரிஞ்சேதான் கம்மியாக் கலக்கறியா?"

"ஆயுசு பூரா மருந்துக்கடையில அளந்து குடுத்த கை இது. இதுகூடவா வராது?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவர் படற பாடு உனக்குத் தெரியுமா? நீ ஒட்டறதையெல்லாம் சுரண்டி எடுத்துட்டு, உன் மனசு நோகக் கூடாதுன்னு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றார் அண்ணன்.

"தெரியுமா!"

"பின்னே? காயவே கூடாதுன்னு கலந்து வெச்சுட்டுப் போறேன். திரும்பி வந்து பாத்தா கல்லு மாதிரி இருக்கு. தன்னால இறுகுமா?"

"அப்புறம் ஏன் இப்படி அவரைப் பாடாப் படுத்தறே?"

அண்ணன் குச்சியால் ரெசினைக் கிளறிக்கொண்டே சொன்னார். "ரிட்டையர் ஆன புதுசுல, 'பேச்சே இல்லண்ணா, எந்திரிக்க மாட்டேங்கறார், சுவரையே பாத்துக்கிட்டு இருக்கார், பயமா இருக்கு'ன்னு எங்கிட்டப் போன்ல அழுதியே, மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை.

உள்ளே கணவர் பிரஷ்ஷைத் தேடிக்கொண்டே ஏதோ பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒழுங்கா ஒட்டியிருந்தா இந்தப் படகு எப்பவோ ஏரிக்குப் போயிருக்கும். அப்புறம் திங்கக்கிழமை காலையில மனுஷன் எதுக்காக எந்திரிப்பார், சொல்லு?"