முந்தி வந்த கைதட்டல்

கனடாவில் அஜக்ஸ் நகரில் இருக்கும் தில்லையம்பலம், ரீவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, ஜாஸ் இசைத்தட்டைச் சுழலவிட்டுத்தான் பேஸ்போல் பார்ப்பார். இரண்டு பைத்தியத்துக்கும் ஒரே கதிரை போதும் என்பாள் மனைவி யோகமலர்.

அந்த ஞாயிறு முழங்கால் பிடித்துக்கொண்டதால் ஆட்டத்துக்கான தன் ரிக்கெற்றை மகள் அட்சயாவிடம் கொடுத்திருந்தார். பறந்து வரும் பந்தைப் பிடிக்கும் ஆசையில், பாதுகாப்பு வலை முடியும் இடத்துக்கு அப்பால் பார்த்து வாங்கிய முன்வரிசை இருக்கை. இத்தனை வருடத்தில் அங்கே அவர் பிடித்தது சோளப்பொரிப் பெட்டியை மட்டும்தான்.

ஓடிய தட்டு ஒரு பழைய கச்சேரிப் பதிவு. கைதட்டல் எங்கே வரும் என்பது அவருக்கு மனப்பாடம். இன்று அது இடம்மாறி வந்தது. முதலில் தட்டில் கைதட்டினார்கள். பிறகுதான் ரீவியில் பந்து அடிபட்டது. மறுபடியும் அப்படியே.

"யோகம், என்ரை ரெக்கோட்டுக்கு எல்லாம் முதலே தெரியுதப்பா!"

"அதுக்கெண்டாலும் தெரியுதே. உங்களுக்குப் பிந்தியும் ஒண்டும் தெரியிறேல்லை," என்றாள் குசினியிலிருந்து.

அவர் சிரித்து முடிப்பதற்குள் சாக்ஸபோன் நின்றது. தட்டில் இருந்த கூட்டம் முழுவதும் ஒரே குரலில் அலறியது. பிறகு ஊசியின் கரகரப்பு மட்டும்.

ரீவியில் பந்து இன்னும் எறியப்படவில்லை. எறிபவரின் முதுகுக்குப் பின்னால், முன்வரிசையில், மைதானத்தையே பார்த்தபடி அட்சயா.

கைபேசியை எடுத்து அவளை அழைத்தார். "எழும்பு பிள்ளை, உதிலையிருந்து எழும்பு..."

மணி அடித்தது. அட்சயா மைதானத்திலிருந்து கண்ணை எடுத்து, கைப்பைக்குள் குனிந்து தேடினாள்.

அவர் பதறி அழைப்பைத் துண்டித்தார். எறிபவர் கையை உயர்த்தினார். யார் அழைத்தது என்று அவள் குனிந்தபடியே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.