கூத்தையாவின் முழம்

“குழம்புக்கு உப்புப் போட்டியா, இல்ல கடல் தண்ணியவே மோந்து ஊத்திட்டியா?” தூக்குச்சட்டியைக் கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றுவிட்டுக் கேட்டார் கூத்தையா.

“முழுசையும் காலி பண்ணிட்டு இந்தக் கேள்வி வேறயா?” என்றாள் அவர் மனைவி மாலதி.

“இப்பக் கேட்டாத்தான புள்ள நாளைக்குக் கொறச்சுப் போடுவ” என்று சிரித்தபடி கை கழுவ எழுந்தார். எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தங்கச்சிமடம் கடற்கரையில், ஓடாவியான அவர் கட்டிக்கொண்டிருந்த படகு பாதியில் நின்றது. பின்பக்கம் முடிந்திருந்தது. முன்பக்கத்தில் இன்னும் வங்குகள் என்ற வளைந்த குறுக்குச் சட்டங்கள் ஏறவில்லை. விலா எலும்பு இல்லாத உடம்பு மாதிரிக் கிடந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், படகுக்குச் சொந்தக்காரர் இமானுவேல் பட்டறைக்கு வந்தார்.

“கோவிச்சுக்காத தங்கச்சி. மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒன்றரை மாசந்தான் இருக்கு. அன்னைக்கு எல்லாப் படகும் கடலுக்குப் போகையில நான் கரையில நிக்க முடியாது. மண்டபத்துல இருந்து வேற ஓடாவி வாராரு. ஆனா, இன்னொருத்தர் கட்டுனதுல கை வைக்க மாட்டாராம். பிரிச்சுட்டு அடியில இருந்துதான் கட்டணுங்காரு.”

“பிரிக்கிறதா?” என்றாள் மாலதி. கூத்தையா கையால் செய்த கடைசி வேலை அது.

கூத்தையாவிடம் பதினைந்து வருடம் வேலை பார்த்த பாண்டீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “அறுக்கச் சொன்னா அறுப்பேன், ஆணி அடிக்கச் சொன்னா அடிப்பேன். அளவெல்லாம் அண்ணன் மண்டைக்குள்ளதான இருந்துச்சு மதினி? ஓடாவி எவன் பேப்பர்ல எழுதி வைக்கிறான்?”

அது உண்மைதான். படகு கட்டும் அந்த ஆட்களுக்கு வரைபடம் கிடையாது. ஓடாவியின் கண்ணும் கைமுழமும்தான் கணக்கு.

மாலதி வீட்டுக்குப் போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் ஓரம் மடங்கிப்போன ஒரு தடித்த நோட்டுடன் பட்டறைக்கு வந்தாள்.

“பிரிக்க வேணாண்ணே. இதுல எல்லாம் இருக்கு. பதினஞ்சு நாள் குடுங்க.”

“கூத்தையா பிளான் போட்டு வச்சிருந்தாரா? களவாணி! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே!” இமானுவேல் கையை நீட்டினார்.

மாலதி நோட்டை மாரோடு அணைத்துக்கொண்டாள். “வேலை முடியட்டும். அப்புறம் காட்டுறேன்.”

“பதினஞ்சு நாள்ல வங்கு ஏறலன்னா பிரிச்சிருவேன் தாயீ.”

கடலில் இறங்காத புதுப் படகில் பெண்கள் ஏறுவதில்லை. மாலதி கீழே மணலில்தான் நின்றாள். திரும்பி நின்றுகொண்டு ஏதோ ஒரு பக்கத்தை வெகுநேரம் பார்ப்பாள். நோட்டை மூடுவாள். பிறகு மரத்தின் மேல் சாக்பீஸால் ஒரே இழுப்பில் வளைவு போடுவாள். பாண்டீஸ்வரன் அந்தக் கோட்டில் அறுப்பான்.

முதல் இரண்டு வங்குகளும் உட்காரவில்லை. இடைவெளியில் கையே நுழைந்தது.

“போச்சு!” என்று தலையில் கை வைத்தான் பாண்டீஸ்வரன். “நீங்க சொன்ன ரெண்டேகால் முழந்தான அறுத்தேன்?”

“யாரு முழம்?”

“ஏன், என் முழந்தான்.”

“ஒன்னோடது குட்டக் கை, பாண்டி. அவரு முழம் இதவிட மூணு விரக்கடை கூட.”

“அம்புட்டுத் துல்லியமா எப்படி மதினி?”

மாலதி நோட்டைத் திறந்து பார்த்தாள். ஒரு மரக்குச்சியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இரு கைகளாலும் தடவி, ஓரிடத்தில் நகத்தால் கீறிக் கொடுத்தாள். “இந்தா. இனிமே இதுதான் முழம்.”

அடுத்த வங்கு தாள்கூட நுழையாதபடி உட்கார்ந்தது.

“ஏலே!” என்று கத்திவிட்ட பாண்டீஸ்வரன், மதினியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பதினைந்து நாள் தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் நாளே கடைசி வங்கு ஏறிவிட்டது. அதற்கப்புறம் ஆட்களைக் கூட்டிப் பலகை அடித்தார்கள். எல்லாவற்றுக்கும் மாலதியின் சாக்பீஸ் முன்னால் போனது.

தடை முடிந்த அன்று, பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்க, ஜேசிபி பின்னாலிருந்து தள்ள, படகு தண்ணீரில் இறங்கியது. சாயுமா என்று பார்க்கவே பாதி ஊர் வந்திருந்தது. படகு ஒரு பக்கமும் சாயவில்லை. மண்டபத்து ஓடாவி இடுப்பளவு தண்ணீரில் நின்று அதன் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். “இது கூத்தையா படகுதாம்ப்பா” என்றார்.

இமானுவேல் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நனைந்த சட்டையோடு கரைக்கு ஓடிவந்தார். “தங்கச்சி! அலை ஏறுறதே தெரியல! என் தம்பிக்கும் ஒண்ணு வேணும். நீதான் கட்டித் தாற!”

“அப்ப மதினி பேர்ல போர்டு வச்சிருவோமா?” என்றான் பாண்டீஸ்வரன். கரையே சிரித்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக மாலதியும் சிரித்தாள்.

“இப்பவாச்சும் அந்தப் பிளானக் காட்டு” என்றார் இமானுவேல்.

மாலதி நோட்டை நீட்டினாள்.

அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். அப்புறம் வேகவேகமாக மற்ற பக்கங்களைப் புரட்டினார். ஒரு அளவு இல்லை, ஒரு எண் இல்லை. உளி தீட்டும் கூத்தையா, டீ குடிக்கும் கூத்தையா, வளைந்த மரத்தில் முழங்கை வைத்து அளக்கும் கூத்தையா என்று, சோறு கொண்டுவந்து காத்திருந்த இருபது வருட மத்தியானங்களில் மரத்தின் வளைவும் கையின் முழமும் பிசகாமல் மாலதி பென்சிலால் வரைந்து வைத்த புருஷன்தான் நோட்டு முழுக்க இருந்தார். ஒரு படத்தில்கூட அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிரில் வளர்ந்துகொண்டிருந்த படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.