எழுந்து நடந்த பாறை

தேவாரம் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் ஹேமாவதி மூச்சிரைக்க நிற்கிறாள். பாறை என்று நம்பி அவள் ஓடிவந்த வெள்ளை, காதுகளை உதறிக்கொண்டு எழுந்து நிற்கிறது. அதன் பின்னால் இன்னும் நாலைந்து எழுகின்றன. வெயிலுக்குப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த மலைமாடுகள். கழுத்து மணிகள் கிணுகிணுக்கின்றன. வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து இருவர் இருவராக இடம் தேடி ஓடுகிற போட்டி இது. அடுத்த இடத்துக்கு வரைபடம் காட்டும் அடையாளம் ஒரு வெள்ளைப் பாறை. "காம்பஸ்படி எடப்பக்கம்ல போகணும், ஹேமா" என்று கீழே ஓடைக்கரையிலேயே ஏஞ்சல் சொன்னாள். "கண்ணு முன்னால பாறை கெடக்கு, ஊசியப் பாத்துக்கிட்டு நிக்கிறியேக்கா" என்று திசைகாட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தது ஹேமாவதிதான். கல்லூரியில் ஏஞ்சலுக்கு இது கடைசிப் போட்டி.

இடதுபக்க மேட்டுக்கு அப்பாலிருந்து விசில் கேட்கிறது. வேறு யாரோ பாறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஏஞ்சல் குனிந்து, காலுறையில் குத்திய ஊசிப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாள். வியர்வையில் ஊறிய வரைபடம் அவள் கக்கத்தில் கசங்குகிறது. ஹேமாவதி திசைகாட்டியை நீட்டுகிறாள். நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது.

"ஒங்கிட்டயே இருக்கட்டும். எந்தப் பக்கம்னு சொல்லு, வாரேன்."

குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று ஹேமாவதிக்குத் தோன்றுகிறது. மாடுகள் புல்லை விலக்கிக்கொண்டு சரிவில் இறங்குகின்றன. எழ மனமில்லாத கிழட்டு மாடு ஒன்று மட்டும் அங்கேயே கிடக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அது அவள் கண்ணுக்குப் பாறையாகத்தான் தெரிகிறது.